வீட்டில் கிட்டார் பதிவு: மைக் வாங்கும் முன் அறையைக் கவனியுங்கள்

அகூஸ்டிக் கிட்டார் பதிவுக்கு எந்த மைக் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த அறையில் வாசிக்கப் போகிறீர்கள்? கிருஷ்ணகிரியில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. கிரானைட் வெட்டியெடுக்கும் மாவட்டம் என்பதால் பல வீடுகளில் தரை பளபளக்கும் கல்தான். மேலே கான்கிரீட், சுற்றிலும் சிமெண்ட் பூச்சு. ஒலியை உறிஞ்ச எதுவும் இல்லை. சென்னை–பெங்களூரு சாலையும் கன்னியாகுமரியிலிருந்து சேலம் வழியாக வரும் சாலையும் இங்கேதான் சந்திக்கின்றன. லாரிகளின் ஏர்ஹாரனுக்கு நள்ளிரவிலும் ஓய்வில்லை. நல்ல மைக் இவை அனைத்தையும் நன்றாகவே பதிவுசெய்யும்.

படி 1: காசு செலவழிக்காமல் ஒரு சோதனை

வாசிக்க நினைக்கும் இடத்தில் நாற்காலியைப் போட்டு, எதிரே கைப்பேசியை வைத்து, ஒரு நிமிடம் பேசாமல் பதிவுசெய்யுங்கள். பிறகு ஹெட்ஃபோனில் கேளுங்கள். மின்விசிறி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டரின் ரீங்காரம், எதிர்வீட்டு மோட்டார் என்று ஒவ்வொன்றாக வரும்.

அடுத்து, கிட்டாரின் ஆறாவது தந்தியைப் பலமாக மீட்டி, உடனே உள்ளங்கையால் அடக்குங்கள். தந்தி நின்ற பிறகும் அறையில் ஏதாவது அதிர்கிறதா? பெரும்பாலும் இரும்பு பீரோவின் கதவு அல்லது அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள். கதவிடுக்கில் துணியை மடித்துச் செருகுங்கள். டம்ளர்களைச் சமையலறைக்கு அனுப்புங்கள். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வையுங்கள். மைக் உங்களைப் பார்த்து நிற்கும். அதன் பார்வையில் படுவது அந்தச் சுவர்தான். முட்டை அட்டை ஒட்டுவதெல்லாம் வீண் வேலை, சுவருக்கும் கேடு.

படி 2: யூஎஸ்பியா, எக்ஸ்எல்ஆரா

தனியாக வாசித்து, அவ்வப்போது பதிவேற்றுவதுதான் நோக்கம் என்றால் கணினியில் நேராகச் செருகும் யூஎஸ்பி மைக் போதும். பின்னாளில் குரலுக்கும் கிட்டாருக்கும் தனித்தனி மைக் வைக்கும் எண்ணம் இருந்தால் மூன்று முள் கேபிளில் இணையும் எக்ஸ்எல்ஆர் மைக்கும், அதைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்குங்கள். ஒரே கணினியில் இரண்டு யூஎஸ்பி மைக்குகளை ஒத்துப்போக வைப்பது தலைவலி. கைப்பேசி ஹெட்ஃபோன் போல 3.5 மி.மீ. பின்னோடு வரும் மலிவு “ஸ்டுடியோ மைக்” பக்கம் போகவே வேண்டாம்.

படி 3: டைனமிக்கா, கண்டென்சரா

கச்சேரி மேடைகளில் பார்ப்பது பெரும்பாலும் டைனமிக் மைக். 1965-இல் வெளிவந்த ஷூர் எஸ்எம்57 இன்றும் விற்பனையாகிறது. கீழே விழுந்தாலும் உழைக்கும். ஆனால் அது தரும் மின்சமிக்ஞை சிறியது. பிக் வைத்து ஓங்கி வாசிப்பவருக்குக் குறையில்லை. விரல்நுனியால் மெல்ல மீட்டுபவர் கெயினை, அதாவது சமிக்ஞையைப் பெருக்கும் அளவை, மேலே மேலே ஏற்ற வேண்டியிருக்கும். அதோடு இன்டர்ஃபேஸின் இரைச்சலும் ஏறும்.

“டைனமிக் மைக் அறைச் சத்தத்தை எடுக்காது” என்று பலர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். அதை வாயருகே வைத்துப் பாடுவதால்தான் அறைச் சத்தம் அடங்கித் தெரிகிறது. கிட்டாரிலிருந்து தள்ளி வைத்தால் அதுவும் விசிறியைப் பதிவுசெய்யும். சத்தத்தைக் குறைப்பது தூரமும் மைக் எந்தப் பக்கம் காது கொடுக்கிறது என்பதும்தான். கார்டியாய்டு வகை முன்னால் வருவதை அதிகம் எடுக்கும், நேர் பின்னால் வருவதை மிகக் குறைவாக எடுக்கும். சாலைப் பக்க ஜன்னலுக்கு மைக்கின் முதுகு இருக்கும்படி உட்காருங்கள்.

தந்தியில் விரல் பட்டு எழும் நுண்ணிய ஒலிவரை கேட்க வேண்டுமென்றால் கண்டென்சர்தான். எக்ஸ்எல்ஆர் வகை கண்டென்சருக்கு 48 வோல்ட் பேன்டம் பவர், அதாவது அதே கேபிள் வழியாக மைக்குக்குப் போகும் மின்சாரம், தேவை. இன்டர்ஃபேஸில் அதற்கான பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மைக்கினுள் ஒலி பட்டு அதிரும் மெல்லிய படலம்தான் டயஃப்ரம். பென்சில் போன்ற சிறிய டயஃப்ரம் மைக் தந்தியின் தெளிவைக் காட்டும். பெரிய டயஃப்ரம் மைக் சற்றுத் தடித்த ஒலி தரும், பாடவும் உதவும். பாடிக்கொண்டே வாசிப்பவருக்குப் பெரியது. வாசிப்பு மட்டும் என்றால் சிறியது. என் தேர்வு சிறியதுதான்.

படி 4: அட்டைப்பெட்டியில் உள்ள எண்கள்

20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று பல அட்டைகளில் போட்டிருக்கும். அதைத் தாண்டிச் செல்லுங்கள். பார்க்க வேண்டியது செல்ஃப் நாய்ஸ், அதாவது மைக் தானே எழுப்பும் இரைச்சல். இரண்டு கண்டென்சர் மைக்குகளைப் பாருங்கள்: ஆடியோ டெக்னிகா ஏடி2020-க்கு அது 20 டெசிபல், ரோட் என்டி1-ஏ-வுக்கு 5 டெசிபல். காகிதத்தில் பெரிய வித்தியாசம். ஆனால் ஊரடங்கிய பிறகும் நம் வீட்டு அறைகளின் அமைதி 30 டெசிபலைச் சுற்றித்தான் இருக்கும். விசிறி ஓடினால் அதற்கும் மேல். அந்த 15 டெசிபலுக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் முதல் படியை மறுபடி செய்யுங்கள். மிச்சமாகும் பணத்தில் உறுதியான ஸ்டாண்டும் புதுத் தந்திகளும் வாங்கலாம். துருப்பிடித்த தந்தியை எந்த மைக்கும் காப்பாற்றாது.

படி 5: வாங்கிய அன்றே சோதித்தல்

திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். விசிறியை நிறுத்துங்கள். மடிக்கணினியை சார்ஜரிலிருந்து கழற்றுங்கள். எர்த் சரியில்லாத வீடுகளில் “ம்ம்” என்ற 50 ஹெர்ட்ஸ் முனகல் அந்த வழியாகத்தான் அடிக்கடி நுழைகிறது.

மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். அங்கே பெட்டியின் காற்று மொத்தமாக வெளியேறுவதால் ‘பூம் பூம்’ என்ற கனத்த ஒலிதான் கிடைக்கும். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு எதிரே ஒரு சாண் தூரத்தில் தொடங்குங்கள். அதே வரியை மூன்று விதமாகப் பதிவுசெய்யுங்கள்: அந்த இடத்தில் ஒருமுறை, மைக்கை லேசாக ஒலித்துளைப் பக்கம் திருப்பி ஒருமுறை, ஒரு முழம் பின்னுக்கு நகர்த்தி ஒருமுறை. கிட்டே வைத்தால் கீழ் ஸ்தாயி தடிக்கும். தள்ளி வைத்தால் கிரானைட் தரை பேசத் தொடங்கும். உங்கள் அறைக்கு எது பொருந்துகிறது என்பது ஹெட்ஃபோனில் உடனே தெரிந்துவிடும்.

மென்பொருள் அமைப்பில் பதிவின் நுணுக்கம் 24 பிட்டில் இருக்கட்டும். நீங்கள் வாசிக்கும் மிக ஓங்கிய இடத்திலும் மென்பொருளில் தெரியும் ஒலி அளவுகோல் (அதன் உச்சம் 0) மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை வையுங்கள். மென்பொருளுக்கு ஆடாசிட்டி போதும், இலவசம்.

ஸ்டீரியோவுக்காக இரண்டாவது மைக் வேண்டுமா என்றால், இப்போது வேண்டாம். பின்னாளில் வாங்குவதானால் ஜோடியாகவே விற்கும் சிறிய டயஃப்ரம் மைக்குகளைப் பாருங்கள்.