வேலையில்லாக் கவலையை ஓவியமாக்குவது எப்படி?

பட்டம் பெற்றும் வேலை அமையாத இளைஞரிடம் மனத்தில் இருப்பதை வரையச் சொன்னால், தலையில் கைவைத்த ஓர் உருவமும் மேலே ஒரு கேள்விக்குறியும்தான் பெரும்பாலும் தாளில் வந்து நிற்கும். கவலையை நேராக வரையாமல், அது எந்தப் பொருளில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் தேடுங்கள். கல்விக்கடன் தவணை பதிந்த வங்கிப் புத்தகம், போட்டித் தேர்வின் நுழைவுச்சீட்டு, நேர்காணலுக்கென்றே தேய்த்து வைத்த சட்டை ஆகியவற்றுள் ஒன்றைக் கண்முன் வைத்து, பென்சிலால் அரைமணி நேரம் பார்த்துப் பார்த்து வரையுங்கள்.

‘இப்போது என்ன செய்கிறாய்?’ என்று உறவினர் கேட்பதே உறுத்துகிறது என்றால், கேட்டவரின் முகத்தை விட்டுவிட்டு, திருமண மண்டபத்தில் நீங்கள் உட்காரத் தயங்கிய அந்த நாற்காலியை வரையுங்கள். அவரைக் கேலிச்சித்திரமாக்கினால் கோபம் தீரலாம், படம் தேறாது.

தாள், வண்ணம் போன்ற ஓவியப் பொருள்களுக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின்போது, முப்பது வயதை எட்டாத வங்க ஓவியர் ஜைனுல் ஆபிதீன், கல்கத்தாத் தெருக்களில் பசியால் விழுந்து கிடந்தவர்களை மலிவான பொட்டலத் தாளில், தூரிகையும் கறுப்பு மையும் கொண்டே வரைந்தார். பின்னணியைப் பெரும்பாலும் வெறுமையாக விட்டதால், அவ்வுருவங்களிலிருந்து நம் கண்ணை விலக்க முடிவதில்லை. உங்களுக்கும் கெட்டித்தாள், கறுப்பு, வெள்ளை, இன்னொரு போஸ்டர் கலர் ஆகியவை போதும். அந்த மூன்றாவது நிறத்தைக் கவலை அழுத்தும் ஓரிடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். கடன் புத்தகமாயின், நிலுவைத் தொகை உள்ள வரியில்.

தாள் சுருங்காதிருக்க, நான்கு ஓரங்களையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டுங்கள். முதலில் நீர்த்த சாம்பல் நிறம், அது நன்றாகக் காய்ந்தபின் கறுப்பு, இறுதியில் வெள்ளை என்ற வரிசை வசதியானது. போஸ்டர் கலர் காய்ந்த பின்னும் ஈரம் பட்டால் கரைந்து மேலே வரும் என்பதால், மேற்பூச்சைத் தயிர்ப் பதத்தில் எடுத்து, திரும்பத் திரும்பத் தேய்க்காமல் ஒரே இழுப்பில் வைக்க வேண்டும்.

ஓவியம் தவணையைக் கட்டாது. தூக்கம் கெட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால், தூரிகையை நம்பிக் காத்திராமல், இந்திய அரசின் தொலைபேசி மனநல ஆலோசனையான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் உடனே அழையுங்கள்.

முடித்த படத்தைச் சமூக ஊடகத்தில் அன்றே ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து. மதிப்பெண்ணுக்குக் காத்திருந்த பதற்றம் விருப்பக்குறிகளை எண்ணுவதிலும் தொடரும். பின்புறம் தேதியிட்டு வைத்துவிட்டு, அடுத்த மாதம் அதே பொருளை இன்னும் நெருங்கி அமர்ந்து மறுபடி வரையுங்கள்.