எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குச் செல்லும் முன்

மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னதும், குழாய்க்குள் மூச்சு முட்டுமோ என்றுதான் பலரும் கவலைப்படுகிறார்கள். உண்மையில் அதிகக் கவனம் தேவைப்படுவது அறைக்குள் நுழைவதற்கு முன்பாகும். எக்ஸ்-ரே, சி.டி. ஸ்கேன் ஆகியவற்றின் கதிர்வீச்சு இதில் இல்லை. ஆனால் இது வலிய காந்தத்தைக் கொண்டு படமெடுக்கும் கருவி; 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) காந்தம் என்பது பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்படும் அக்காந்தம், ஸ்கேன் நடக்காத வேளையிலும் ஈர்த்துக்கொண்டே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், நோயாளியின் உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டருடன் உள்ளே சென்றபோது இழுக்கப்பட்டு உயிரிழந்தார். எனவே உலோகப் பொருள்கள் பற்றிக் கீழே சொல்லும் விதிகள் துணைக்கு வருபவருக்கும் பொருந்தும்.

படிவத்தை நிரப்பும்போது எதையும் மறைக்க வேண்டாம். இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர், கேட்க உதவுவதற்காகக் காதில் பொருத்திய காக்ளியர் கருவி, மூளை இரத்தக்குழாயில் இட்ட கிளிப் ஆகியவை இருந்தால் முன்பதிவின்போதே சொல்லி, அறுவை சிகிச்சைக் குறிப்பை எடுத்துச் செல்லுங்கள். வெல்டிங், லேத் பட்டறைகளில் வேலை செய்தவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத்துகள் பட்டிருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். கர்ப்பமாக இருப்பதையும், சிறுநீரகக் கோளாறு இருப்பதையும் சொல்லுங்கள். படம் தெளிவாகத் தெரிவதற்கான, காடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்தை ஊசியாகச் செலுத்துவதா என்பதை முடிவு செய்ய இவை முக்கியம்.

நகைகளை வீட்டிலேயே கழற்றிவிடுவது நல்லது. தங்கத்தைக் காந்தம் ஈர்க்காது என்பது சரிதான். ஆயினும் அது சூடேறலாம், படத்தையும் கெடுக்கலாம். தாலிச்சரட்டில் கோத்து வைத்த ஊக்கைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். தாலியைக் கழற்றத் தயங்குபவர்கள் அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிறு அணியலாம். இறுகிப்போன மெட்டியை முதல் நாள் இரவே சோப்பு நீர் விட்டுக் கழற்றிப் பாருங்கள். தாயத்து, வெள்ளி அரைஞாண், ஹேர்பின், ஏ.டி.எம். அட்டை, கைப்பேசி எதுவும் உள்ளே வரக்கூடாது.

உள்ளே 'டக்டக்' என்று இடிப்பது போன்ற ஓசை எழும்; காந்தப்புலத்தை மாற்றும் கம்பிச்சுருள்கள் அதிர்வதால் வருவது அது, இயந்திரக் கோளாறன்று. காதடைப்பான் இல்லாமல் படுக்காதீர்கள். கைகளைக் கோத்துக்கொள்ளாமல் உடலின் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அசைந்தால் படம் மங்கி, அந்தப் பகுதியை மீண்டும் எடுக்க நேரிடும். மூடிய இடம் பயம் தருமானால், உள்ளே நகரும் முன்பே கண்களை மூடிவிடுவது பலருக்கு உதவுகிறது. கையில் தரப்படும் ரப்பர் பந்தை அழுத்தினால் பணியாளர் உடனே பேசுவார். அதை அழுத்த வெட்கப்பட வேண்டியதில்லை.