மாசி மாதத்துக் குளத்தங்கரை: பறவை பார்க்கத் தொடங்குவது எப்படி?

பறவை பார்க்க ஆசை இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மாசி மாதம், உங்கள் ஊர்க் குளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய குளங்கள் பாசனத்துக்குத் தண்ணீர் கொடுத்து இப்போது வற்றத் தொடங்கியிருக்கும். ஓரத்தில் சேறு தெரியும். மீனும் நத்தையும் புழுவும் சிறிய இடத்துக்குள் சேர, அவற்றைத் தேடிப் பறவைகளும் கூடும். வடக்கேயிருந்து வலசை வந்தவற்றில் பெரும்பாலானவை சித்திரைக்குள் கிளம்பிவிடும். திருநெல்வேலிப் பக்கத்துக் குளங்களை வைத்து எழுதுகிறேன். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. ஒரே குளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கூந்தன்குளம் சரணாலயத்துக்கு அப்புறம் போகலாம். முதலில், நடந்தோ சைக்கிளிலோ போய்வரக்கூடிய குளம் போதும்.

2. வெயிலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்

காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம். நிலம் கிழக்கே சரிவதால் பல குளங்களுக்குக் கரை கிழக்குப் பக்கம்தான் இருக்கும். காலையில் கரைமேல் ஏறி மேற்கே பார்த்தால் வெளிச்சம் பறவைமேல் விழும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாமே கருப்பாகத் தெரியும்.

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 வாங்குங்கள். 8 மடங்கு பெரிதாக்கும். முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். அதைவிடப் பெரிதாக்கினால் கை நடுக்கமும் பெரிதாகும். கையில் இல்லையென்றாலும் பரவாயில்லை, நாரையும் கூழைக்கடாவும் வெறும் கண்ணுக்கே தெரியும்.

3. நிறத்துக்கு முன்னால் இடத்தைப் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால், பறவை எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது என்பதே பாதி அடையாளம்.

ஆழமான தண்ணீரில் மூழ்கி, எதிர்பாராத இடத்தில் எழும் சின்ன உருண்டை முக்குளிப்பான். பட்ட மரத்தில் சிறகை விரித்து உலர்த்துவது நீர்க்காகம் அல்லது பாம்புத்தாரா. கழுத்து பாம்புபோல நீண்டு மெலிந்திருந்தால் பாம்புத்தாரா. முழங்கால் தண்ணீரில் அசையாமல் நிற்பவை கொக்கும் நாரையும். அலகைப் பக்கவாட்டில் வீசி வீசி நடந்தால் கரண்டிவாயன்.

கூட்டமாக மிதக்கும் வாத்துகளில் நீலச்சிறகியைத் தேடுங்கள். ஐப்பசியில் ஆணும் பெண்ணும் ஒரே மங்கல் பழுப்பில் இருக்கும். இப்போது ஆண் பறவைக்குப் புது இறகு வந்து, கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை பிடரிவரை வளைந்து இறங்கும். தொடக்கக்காரர்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

4. குழப்பும் ஜோடிகளைப் பழகுங்கள்

கரிய உடம்போடு நீந்துபவற்றில் நெற்றியும் அலகும் வெள்ளையாக இருந்தால் நாமக்கோழி. சிவந்த அலகு, மஞ்சள் நுனி என்றால் தாழைக்கோழி. அது நீந்தும்போது வாலை வெட்டி வெட்டி ஆட்டும்.

சேற்றில் ஓடி இரை தேடும் சின்னக் கரைப்பறவைகளான உள்ளான்களுக்குப் பொறுமை வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஐந்து நிமிடம் அதையே பாருங்கள். நிற்கும்போதும் பின்பக்கம் ஓயாமல் மேலும் கீழும் ஆடுகிறதா? மார்பின் வெள்ளை, சிறகுக்கு முன்னால் தோள்வரை ஏறுகிறதா? அது சாதாரண உள்ளான். முதுகில் பொரிப் பொரியாக வெள்ளைப் புள்ளி, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு, மஞ்சள் சாயலில் கால் என்றால் பொரி உள்ளான்.

5. பறக்கவிடாதீர்கள்

மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் மொத்தமும் தலை நிமிர்த்தினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்று, இரண்டடி பின்வாங்குங்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் திரும்பிப் பறக்க அவை உடம்பில் கொழுப்பைச் சேர்க்கும் காலம் இது. படத்துக்காகக் கல்லெறிந்து எழுப்புபவர்களைப் பார்த்தால் தயங்காமல் தடுத்துச் சொல்லுங்கள்.

6. எழுதிவையுங்கள்

தேதி, நேரம், பறவை, எண்ணிக்கை, தண்ணீர் எவ்வளவு: இவ்வளவு போதும். பெரிய கூட்டமென்றால் பத்துப் பத்தாக எண்ணுங்கள். பெயர் தெரியாவிட்டால் அலகும் காலும் வரைந்துவையுங்கள். பறவைக் குறிப்புகளைப் பதியும் இ-பேர்ட் (eBird) செயலியில் ஏற்றினால் உங்கள் குளத்தின் கணக்கு ஆய்வாளர்களுக்கும் பயன்படும். தாமிரபரணிக் குளங்களில் 2011 முதல் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அடுத்த ஆண்டு அதில் சேர்ந்தால் அனுபவசாலிகளோடு நடக்கலாம்.

பங்குனி முழுக்க வாரம் ஒருமுறையாவது போய்வாருங்கள். ஒவ்வொரு வாத்து இனத்தையும் கடைசியாகப் பார்த்த தேதியை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.