புதிய ஆய்வு நூல் ஒன்றின் மையக் கருத்தைப் பிடிப்பது எப்படி? தொடக்க வாசகருக்கான செய்முறை

ஆய்வு நூலை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களில் பலர் முதல் பக்கத்தில் தொடங்கி, ஐம்பது பக்கம் தாண்டுவதற்குள் களைத்துப் போய்விடுகிறார்கள். நாவலைப் படிப்பதுபோல் வரிசையாகப் படிப்பதே இதற்குக் காரணம். ஆய்வு நூல் ஒரு வாதம்; ஏற்கெனவே யாரோ சொல்லிவைத்த ஒன்றுக்கு அது மறுமொழி தருகிறது. அந்த எதிராளி யார் என்று கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

எடுத்துக்காட்டாக, ஜேம்ஸ் சி. ஸ்காட் எழுதி 2017இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘அகெய்ன்ஸ்ட் தி கிரெய்ன்’ நூலை எடுத்துக்கொள்வோம். சுடச்சுட வந்த நூலை விட்டுவிட்டு இதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: இதற்கு எழுந்த ஆதரவும் மறுப்பும் இப்போது நம் கையில் இருப்பதால், நம் வாசிப்பு சரிதானா என்று சோதித்துப் பார்க்க முடியும்.

படி 1: நூலைத் திறக்கும் முன்

பதிப்பகத்தைப் பாருங்கள். பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் பொதுவாகக் கையெழுத்துப்படியைத் துறை வல்லுநர்களுக்கு அனுப்பி, அவர்களின் கருத்தைப் பெற்ற பிறகே வெளியிடுகின்றன. நூல் சொல்வதெல்லாம் உண்மை என்பதற்கு இது சான்றாகாது. வாதிடத் தகுந்த நூல் என்பதற்கு மட்டுமே சான்று.

அடுத்து ஆசிரியரின் முந்தைய நூல்களைப் பாருங்கள். 2024இல் மறைந்த ஸ்காட், யேலில் அரசியல் அறிவியல் கற்பித்தவர். மலேசியாவின் கெடா மாநிலச் சிற்றூர் ஒன்றில் தங்கி, ஏழை உழவர்கள் காட்டும் அன்றாட எதிர்ப்பை ஆராய்ந்து 1985இல் ஒரு நூல் எழுதினார். அரசின் பிடிக்கு அகப்படாமல் வாழ்ந்த தென்கிழக்காசிய மலைவாழ் மக்களைப் பற்றி 2009இல் இன்னொன்று. அரசு மக்களை எப்படிப் பிடிக்கிறது, மக்கள் எப்படி நழுவுகிறார்கள் என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் கேட்ட கேள்வி. 2017ஆம் ஆண்டு நூலில் அதே கேள்வியை உலகின் முதல் அரசுகளிடம் கொண்டுபோகிறார் என்பதை நூலைத் திறக்காமலே ஊகித்துவிடலாம்.

படி 2: முன்னுரையும் நன்றியுரையும்

முன்னுரையில் ஆசிரியர் தம் எல்லைகளைச் சொல்லிவிடுவது வழக்கம். ஸ்காட் தம்மைப் பிறர் நிலத்தில் அத்துமீறி நுழைந்தவர் என்றே சொல்லிக்கொள்கிறார். ஏனெனில் அவர் தொல்லியலாளர் அல்லர். 2011இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து விரிந்த இந்த நூலில் புதிய அகழாய்வுச் செய்திகளைத் தேடக் கூடாது. பிறர் கண்டுபிடித்தவற்றை அவர் எப்படிக் கோக்கிறார் என்பதையே கவனிக்க வேண்டும். நன்றியுரையில் வரும் பெயர்கள், அவர் எந்தச் சிந்தனை வட்டத்தைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

படி 3: எதிராளியைத் தேடுங்கள்

இந்தப் படியில்தான் அவசரப்படாமல் நிற்க வேண்டும். அறிமுக இயலில் ‘பொதுவாக நம்பப்படுவது’ என்ற தொனியில் வரும் பத்திகளைக் கோடிடுங்கள். ஸ்காட்டின் எதிராளி நம் பள்ளிப் பாடநூல்களில் உள்ள அதே கதை: மனிதர் பயிரிடக் கற்றனர், ஓரிடத்தில் தங்கினர், ஊர் பெருகிற்று, அரசு பிறந்தது, நாகரிகம் மலர்ந்தது. ஆனால் மெசொப்பொத்தேமியாவில் பயிர்களைப் பழக்கியதற்கும் முதல் அரசுகள் எழுந்ததற்கும் இடையே ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் இருக்கின்றன. வேளாண்மை வந்தாலே அரசு வரும் என்றால் இத்தனை காலம் ஏன் வரவில்லை? மீனும் பறவையும் நாணலும் நிறைந்த சதுப்பு நிலங்களில் மக்கள் அரசில்லாமலே நிலையாகக் குடியிருந்ததும் ஏன்? நூல் முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்தே கிளைக்கிறது.

படி 4: ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘இதுவரை பலரும் இப்படி எண்ணினர், இவர் இப்படிச் சொல்கிறார், ஏனெனில்…’ என்ற சட்டத்தை நிரப்புங்கள். ‘ஏனெனில்’ என்பதற்குப் பின் வருவதுதான் நூலின் உயிர். கோதுமை, பார்லி, நெல், மக்காச்சோளம் போன்ற தானியங்கள் தரைக்கு மேலே கண்ணுக்குத் தெரிய விளைகின்றன, ஏறக்குறைய ஒரே நேரத்தில் முற்றுகின்றன, அளக்கவும் பங்கிடவும் சுமந்து செல்லவும் சேமிக்கவும் எளியவை. ஆகவே அறுவடை நாளில் வந்து நிற்கும் வரி அலுவலருக்கு அவற்றைவிட வசதியான பயிர் இல்லை. மரவள்ளியோ விளைந்த பின்னும் மண்ணுக்குள்ளேயே நெடுநாள் கிடக்கும். தோண்டினால்தான் கிடைக்கும், தோண்டினால் விரைவில் கெடும். எனவே அரசைத் தாங்கியது பொதுவான வேளாண்மை அன்று, வரி விதிக்க ஏற்ற தானியமே என்பது ஸ்காட்டின் கருத்து. என் பார்வையில், இந்த ஒரு வாக்கியத்தை எழுத முடியாதவர் நூலை முழுக்கப் படித்திருந்தாலும் படித்ததாகக் கொள்ள முடியாது.

படி 5: இயல்களை எடைபோடுங்கள்

நூலின் ஏழு இயல்களும் ஒரே கனம் உடையவை அல்ல. ஒவ்வொன்றையும் நீக்கிப் பார்த்து, வாதம் சரிகிறதா என்று கேளுங்கள். தானியத்தைப் பேசும் நான்காம் இயல் முதுகெலும்பு என்பதால் அதைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும். நோய்களைப் பற்றிய மூன்றாம் இயலையும், அடிமைமுறையையும் போரையும் பேசும் ஐந்தாம் இயலையும், அரசுகளின் சிதைவைப் பேரழிவாக மட்டும் பார்க்க மறுக்கும் ஆறாம் இயலையும் முதல் வாசிப்பில் தொடக்கப் பத்திகளோடும் முடிவுப் பத்திகளோடும் நிறுத்திக்கொள்ளலாம்.

படி 6: மடக்கிப் பாருங்கள்

கருத்துக்கு எதிரான சான்று ஒன்றை நீங்களே தேடுங்கள். தென் அமெரிக்காவின் இன்கா பேரரசு உருளைக்கிழங்கை உறையவைத்து உலர்த்திக் களஞ்சியங்களில் சேமித்ததே, கிழங்கினாலும் அரசு நடக்கும் என்றுதானே பொருள்? நூலின் கடைசியில் உள்ள பொருளடைவில் இன்காவைத் தேடுங்கள். ஸ்காட் அதை ஓரளவு விதிவிலக்காகக் கொண்டு, வரிப்பயிராக மக்காச்சோளமே மேலோங்கியிருந்ததாகக் கருதுவதைக் காணலாம். இந்த விடை போதுமா என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

படி 7: பிறர் என்ன சொன்னார்கள்?

மதிப்புரைகளை உங்கள் வாக்கியத்தை எழுதிய பிறகே படியுங்கள். முன்பே படித்தால் அவர்கள் கண்ணால்தான் நூலைப் பார்ப்பீர்கள். ஆய்வுகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் நூலின் பெயரைத் தேடினால் அதை மேற்கோள் காட்டிய ஆய்வுகள் வரும். எடுத்துக்காட்டாக, மைஷார், மொவாவ், பாஸ்கலி ஆகிய பொருளியலாளர்கள் 2022இல் வெளியிட்ட கட்டுரை, நிலத்தின் விளைதிறனைவிடத் தானியத்தை எளிதாகப் பறிக்க முடிவதே அரசு தோன்றக் காரணம் என்பதைத் தரவுகளைக் கொண்டு வாதிடுகிறது. மாறாக, மானிடவியலாளர் கிரேபரும் தொல்லியலாளர் வெங்ரோவும் 2021இல் எழுதிய நூல், வேளாண்மையிலிருந்து அரசுவரை ஒற்றைப் பாதை வரையும் கதைகளையே ஐயுறுகிறது.

விலை கொடுத்து வாங்க இயலாதவர்கள் ஓஏபென் (OAPEN), டோஆப் (DOAB) ஆகிய இணையத் தொகுப்புகளைப் பாருங்கள். பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் இலவசமாக வெளியிடும் புதிய நூல்கள் அங்கே துறைவாரியாகக் கிடைக்கின்றன. முதல் பயிற்சிக்கு உங்களுக்கு ஓரளவு பழக்கமான துறையிலிருந்து இருநூறு பக்கங்களுக்குள் அடங்கும் நூலாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.