‘ஹேவ்’ வசப்பட, தமிழ் ‘இரு’வைப் பிடித்துக்கொள்ளுங்கள்

வேலை முடித்து மாலையில் பேச்சு ஆங்கிலம் படிக்க வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். ‘ஹேவ்’ என்றால் என்ன என்று கேட்டால் ‘வைத்திருக்கிறேன்’ என்று உடனே பதில் வரும். பேனாவுக்கு அது சரி. தம்பியையும் காய்ச்சலையும் யாரும் வைத்திருப்பதில்லையே! எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், எனக்குக் காய்ச்சல் இருக்கிறது என்றுதான் சொல்கிறோம். இந்த ‘எனக்கு இருக்கிறது’தான் ஹேவ். இதிலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

‘எனக்கு, அவனுக்கு, என்னிடம்’ என்று தொடங்கி ‘இருக்கிறது’ என்று முடிந்தால் பெரும்பாலும் ஹேவ் அல்லது ஹேஸ் வரும். ‘ஐ ஹேவ் எ பிரதர்’, ‘ஹி ஹேஸ் எ கார்’. ‘தம்பி வீட்டில் இருக்கிறான்’ என்பதில் அந்த ‘எனக்கு’ இல்லை. அங்கே ‘இஸ்’ போதும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. பசி, தாகம், குளிர், தூக்கம் நான்கும் ‘எனக்கு’ என்று தொடங்கினாலும் ஆங்கிலத்தில் ‘ஆம்’ பக்கம் போய்விடும்: ‘ஐ ஆம் ஹங்ரி’, ‘ஐ ஆம் கோல்ட்’. தலைவலி, இருமல், சளி எல்லாம் ஹேவ் பக்கம்: ‘ஐ ஹேவ் எ ஹெட்ஏக்’. அந்த ‘எ’வை விட்டுவிடாதீர்கள்.

அடுத்துதான் நான் அதிக நேரம் நிற்கிற இடம்: ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’. நம்மில் பலர் இப்படித்தான் பேசுகிறோம். ‘இருக்கிறேன்’ என்றால் ‘ஆம்’ என்று முதலில் படித்துவிடுகிறோம், பிறகு ஹேவ் வருகிறது, இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன என்பது என் கணிப்பு. சகோதரிகள் இருப்பது ஒரு நிலை. இந்த நிமிடம் நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல. நிலைக்கு ‘ஹேவிங்’ வராது. செயலுக்கு வரும். ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ முழுக்கச் சரி, ஏனென்றால் இங்கே ஹேவ் என்பது சாப்பிடுவது. ‘வி ஆர் ஹேவிங் எ மீட்டிங்’ என்பதும் சரி, கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

இந்த ஒரு ஜோடியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ‘ஷி ஹேஸ் எ பேபி’ என்றால் அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. ‘ஷி இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் அவளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, அல்லது பிரசவமே நடந்துகொண்டிருக்கிறது. எழுத்தளவில் சின்ன வித்தியாசம்தான். கேட்பவருக்குப் போய்ச் சேரும் செய்தியே வேறு.

அப்புறம், ‘நான் அவரைப் பார்த்திருக்கிறேன்’. கவனித்தீர்களா, இங்கேயும் ‘இரு’ ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆங்கிலத்திலும் அதே ஹேவ்தான்: ‘ஐ ஹேவ் சீன் ஹிம்’. இரண்டு மொழிகளும் இப்படிக் கைகோத்து நடப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஓர் இடத்தில் பிரிகின்றன. ‘போன வருஷம் அங்கே போயிருக்கிறேன்’ என்று நாம் இயல்பாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் நேற்று, போன வருஷம் என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் ஹேவ் வரக் கூடாது. ‘ஐ வென்ட் தேர் லாஸ்ட் இயர்’, அவ்வளவுதான்.

‘போக வேண்டியிருக்கிறது’ என்பதிலும் ‘இரு’ உண்டு: ‘ஐ ஹேவ் டு கோ’. இதன் உச்சரிப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்’ என்னும்போது ‘வ்’ தெளிவாக விழும். ‘ஐ ஹேவ் டு கோ’ என்பது வேகமான பேச்சில் ‘ஹேஃப்ட கோ’ என்று ஒரே சொல் போலாகிவிடும். எழுத்துப்படி பிரித்து உச்சரித்தால் தவறில்லை. ஆனால் மற்றவர் பேசும்போது புரிய இது தெரிந்திருக்க வேண்டும். எதிர்மறையிலும் கவனம் தேவை. ‘யூ டோன்ட் ஹேவ் டு கோ’ என்றால் போக வேண்டிய கட்டாயமில்லை, விருப்பம் இருந்தால் போகலாம். போகவே கூடாது என்பதற்கு ‘யூ மஸ்ட் நாட் கோ’.

கேள்விக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். பொருளோ உறவோ என்றால் ‘டு யூ ஹேவ் எ பென்?’. ஏற்கெனவே செய்தாயா என்றால் ‘ஹேவ் யூ ஈட்டன்?’. ‘ஹேவ் எ லுக்’, ‘ஹேவ் எ ரெஸ்ட்’, ‘ஹேவ் எ ட்ரை’ போன்றவற்றை அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள். பிரித்துப் பொருள் தேட வேண்டியதில்லை. சந்தேகம் கேட்கும்போது ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்பது நம் ஊர் ஆங்கிலம். வெளிநாட்டாரிடம் ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்று கேளுங்கள். ‘டவுட்’ என்றால் நீங்கள் சொல்வதை நம்பவில்லை என்று அவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடும்.

கொஞ்சம் பழகியவர்களுக்கு இன்னொன்று, ஹேவின் இறந்தகால வடிவமான ‘ஹேட்’. ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்றால் வேறொருவரிடம் முடி வெட்டிக்கொண்டேன். ‘ஐ ஹேட் கட் மை ஹேர்’ என்றால் நாம் பேசுகிற கடந்த நேரத்துக்கு முன்பே நானே வெட்டியிருந்தேன். சொற்கள் அதேதான், வரிசை மாறியதும் கத்தரிக்கோல் கைமாறிவிட்டது. பிறரைக் கொண்டு செய்வித்துக்கொள்கிற எதற்கும் முதல் வரிசைதான்: ‘ஐ ஹேட் மை போன் ரிப்பேர்ட்’.

கடைசியாக ‘ஹேட் பெட்டர்’. உருவத்தில் இறந்தகாலம், பொருளில் இனிச் செய்ய வேண்டியது. ‘யூ ஹேட் பெட்டர் லீவ் நவ்’ என்றால் இப்போதே கிளம்புவது நல்லது, இல்லாவிட்டால் சிக்கல் என்று பொருள். இதன் பின்னால் ‘டு’ போடக் கூடாது. குரலில் ஓர் எச்சரிக்கை இருப்பதால் நண்பர்களிடம் மட்டும் சொல்லலாம். மேலதிகாரியிடமும் பெரியவர்களிடமும் வேண்டாம். அவர்களிடம் ‘இட் மைட் பி பெட்டர் டு லீவ் நவ்’ என்று சொல்லுங்கள்.