நாடகத்தின் உச்சக்கட்டத்தைப் பின்னோக்கி நடந்து கற்பித்தல்: தொடக்கநிலை ஆசிரியர்களுக்கான செய்முறை

ஒரு நாடகத்தின் உச்சக்கட்டம் எது என்று கேட்டால், மாணவர்கள் பெரும்பாலும் சண்டையையோ சாவையோ சுட்டிக்காட்டுவார்கள். பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸ் எழுதிய ஈடிபஸ் மன்னன் நாடகத்தை வாசித்த வகுப்பிலும், மன்னன் தன் கண்களைக் குத்திக்கொள்வதே உச்சக்கட்டம் என்ற விடைதான் முதலில் வரும். ஆனால் அந்நிகழ்ச்சி மேடையில் நடப்பதே இல்லை. அரண்மனையிலிருந்து வரும் ஒருவர் அதை நமக்கு எடுத்துரைக்கிறார். இந்த முரணிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

முதற்படி: இடத்தைக் குறித்தல்

நாடகத்தை முழுமையாக வாசித்து முடித்த பின்னர், “எந்த வரிக்குப் பிறகு இந்தப் பாத்திரம் தன் பழைய நிலைக்குத் திரும்பவே முடியாது?” என்ற ஒரே கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். மாணவர்கள் காட்சியை அன்று, வரியைச் சுட்ட வேண்டும். ஈடிபஸ் நாடகத்தில், முதிய இடையன் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தை யாருடையது என்பதைச் சொல்லிவிடும் இடமே அது. அக்குழந்தை ஈடிபஸே என்பதும், அவன் அறியாமல் மணந்த அரசியே அவனைப் பெற்றவள் என்பதும் அப்போது உறுதியாகிவிடுகின்றன. கண்ணிழப்பு அதன் விளைவு மட்டுமே.

இரண்டாம் படி: பின்னோக்கி நடத்தல்

குறித்த வரியிலிருந்து தொடங்கி, “இது நிகழ வேண்டுமானால் இதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?” என்று கேட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஒவ்வொரு விடையையும் தனித்தனித் தாள்துண்டில் எழுதி, சுவரில் வலமிருந்து இடமாக ஒட்டலாம். இடையனிடம் அக்குழந்தையைப் பற்றி ஏன் வினவினார்கள்? கொரிந்து நகரத் தூதன், ஈடிபஸ் அந்நகர மன்னனின் மகன் அல்லன் என்று சொன்னதும், அக்குழந்தையைத் தூதனிடம் தந்தவன் இந்த இடையனே என்று தெரியவந்ததும்தான் காரணம். தூதன் அதை ஏன் சொன்னான்? தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்ற தெய்வவாக்கின் அச்சத்திலிருந்து மன்னனை விடுவிக்க எண்ணியதால். அதற்கும் முன்னர், தெய்வவாக்குகள் பலிப்பதில்லை என்று ஆறுதல் கூற வந்த அரசி யொகாஸ்டா, தன் முதற்கணவன் மூன்று பாதைகள் கூடும் இடத்தில் கொல்லப்பட்டதைப் பேச்சுவாக்கில் குறிப்பிட, அத்தகைய இடத்தில் முன்பு ஒருவரைக் கொன்றிருந்த ஈடிபஸின் மனத்தில் அந்தச் சிறு விவரமே ஐயத்தை விதைத்துவிடுகிறது. ஆறுதலாக வரும் ஒவ்வொரு சொல்லும் முடிச்சை மேலும் இறுக்குவதை மாணவர்கள் தாமே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள். இந்தப் படிக்கு ஒரு முழு வகுப்பு நேரத்தைச் செலவிட்டாலும் தகும். நாம் நினைத்ததற்கு மாறாக நிகழ்ச்சி தலைகீழாகத் திரும்புவதற்கு அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் காட்டும் எடுத்துக்காட்டும் இத்தூதன் காட்சியே.

மூன்றாம் படி: கட்டமைப்பின் பெயர்கள்

இப்போதுதான் கலைச்சொற்களைத் தர வேண்டும். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று தமிழ் நாடக மரபு கூறும் ஐந்து சந்திகளை, அதாவது கதை வளரும் கட்டங்களை, விதை முளைப்பதில் தொடங்கி அறுத்து உண்பதில் முடியும் பயிரின் வளர்ச்சியாகவே உரையாசிரியர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஜெர்மானிய எழுத்தாளரான குஸ்தாவ் ஃப்ரைடாக் 1863இல் வகுத்த, நாடகக் கதையின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் காட்டும் ஐந்து பகுதி முக்கோணத்தையும் காட்டலாம். ஆனால் அவர் உச்சத்தை நடுவில் வைக்கிறார் என்பதைச் சொல்லிவிடுங்கள். இல்லையேல் எல்லா நாடகங்களையும் அந்த முக்கோணத்துக்குள் திணிக்க மாணவர்கள் முயல்வார்கள், ஈடிபஸ் அதில் சரியாக அடங்காது.

நான்காம் படி: தொனியைக் கேட்டல்

தொனியை விளக்கிச் சொல்வதைவிட வாய்விட்டு வாசிக்கச் செய்வதே பயன் தரும். இருவரை எழுப்பி, பின்வரும் நான்கு வரிகளைக் கொடுங்கள்.

“சாவி எங்கே?”
“எந்தச் சாவி?”
“அப்பாவின் அலமாரிச் சாவி.”
“அது உங்களிடம்தானே இருந்தது, அண்ணா.”

முதலில் விளையாட்டாகவும், அடுத்து ஐயத்தோடும், பின்னர் அண்ணனுக்கு உண்மை முன்பே தெரியும் என்ற எண்ணத்தோடும் வாசிக்கட்டும். மூன்றாம் வாசிப்பில் குரல் தானாகவே தாழ்வதையும், “அண்ணா” என்பதற்கு முன் ஓர் இடைவெளி விழுவதையும் வகுப்பு கவனிக்கும். முதல் வரியிலேயே கத்திவிட்டால் நான்காம் வரியில் ஏற்றுவதற்கு எதுவும் மிஞ்சாது என்பதும் அப்போது புரியும்.

பிறகு நாடகத்துக்குத் திரும்பி, வசனங்களின் நீளத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். தொடக்கத்தில் மக்களைக் குழந்தைகளே என்று விளித்து நிதானமாக நீளப் பேசும் மன்னன், இடையனிடம் வரிக்கு வரி வினவுகிறான். உண்மை நெருங்குகையில் ஒரே வரியை இருவரும் பாதிபாதியாகப் பகிர்ந்து பேசும் அளவுக்கு உரையாடல் சுருங்கிவிடுகிறது. உண்மையை முன்பே உணர்ந்துகொண்ட யொகாஸ்டா, இனி எதுவும் பேசமாட்டேன் என்று சொல்லி வெளியேறும்போது, அந்த மௌனத்தைக் கண்டு, மேடையில் நின்று நிகழ்வுகளைப் பற்றிக் கருத்துரைக்கும் பாடற்குழுவினர் அஞ்சுகிறார்கள். மௌனமும் தொனியே என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: எழுதச் செய்தல்

“இக்காட்சியின் தொனி பதற்றமானது” என்று மட்டும் எழுதிய விடைக்கு மதிப்பெண் தராதீர்கள். எந்தச் சொல், எந்த இடைவெளி, எந்த விளி அதைக் காட்டுகிறது என்பதும் அவ்வாக்கியத்தில் இருக்க வேண்டும். இறுதிப் பயிற்சியாக, சுவரிலுள்ள தாள்துண்டுகளில் ஒன்றை நீக்கிவிட்டு, உச்சக்கட்டம் அப்போதும் நிற்குமா என்று ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். யொகாஸ்டாவின் ஆறுதல் காட்சியை எடுத்துவிட்டால் கதை ஒருவேளை நகரும், ஆனால் மன்னன் எதற்காக அஞ்சத் தொடங்கினான் என்பதற்குக் காரணம் இராது என்று எழுதும் மாணவருக்குக் கட்டமைப்பு பிடிபட்டுவிட்டது எனக் கொள்ளலாம்.