"நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்க வைக்கும் பிரசங்கம்

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சேகரங்களில் ஊழியம் செய்கிறவன் நான். ஒரு சேகரத்தில் பல சபைகள் இருக்கும். எல்லா ஞாயிறும் எல்லா ஊருக்கும் ஐயர், அதாவது குருவானவர், போக முடியாது. அந்த நாட்களில் ஊர்ச் சபையைப் பார்த்துக்கொள்கிற உபதேசியாரும் வாலிபர் சங்கத்துத் தம்பி தங்கைகளும்தான் பிரசங்கம் செய்கிறார்கள். அவர்கள் வந்து கேட்கும்போது நான் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் லூக்கா 3-ஆம் அதிகாரத்தை எடுத்து உட்காருங்கள். மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகளைக் கொடுங்கள் என்று யோவான்ஸ்நானகன் பிரசங்கிக்கிறார். ஜனங்கள் "அப்படியானால் நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்கிறார்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்கிறார். வரி வசூலிக்கிற ஆயக்காரர் கேட்கிறார்கள்: கட்டளையிட்டதற்கு அதிகமாய் வாங்காதிருங்கள். போர்ச்சேவகர் கேட்கிறார்கள்: பொய்யாய்க் குற்றஞ்சாட்டாதிருங்கள், சம்பளமே போதுமென்று இருங்கள். ஆட்களைப் பார்த்துப் பதில் மாறுகிறது. வேலையை விட்டுவிடு என்று ஆயக்காரனிடம் அவர் சொல்லவில்லை. வசூல் பண்ணுகிற இடத்தில் அவன் தினமும் என்ன செய்கிறானோ, அதைத்தான் தொட்டார்.

நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் இதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. "அன்பாயிருங்கள், அதிகமாய் ஜெபியுங்கள், உலகத்துக்கு ஒத்த வேஷம் தரியாதிருங்கள்." எல்லோரும் ஆமென் சொல்வார்கள். வீட்டுக்குப் போய் எதைச் செய்வது என்று யாருக்கும் தெரியாது. கேட்கிறவர்களின் மனக்கடினம் என்று இதற்குப் பழி போடாதீர்கள். நாம் அவர்களிடம் ஒன்றையும் குறிப்பாகச் சொல்லவில்லை.

அதனால் ஆயத்தம் இப்படி இருக்கட்டும். அந்த ஞாயிறுக்குரிய வேதபாடத்தைச் செவ்வாய்க்கிழமைக்குள் நாலைந்து தடவை படித்துவிடுங்கள். விளக்கவுரையை அப்புறம் திறக்கலாம். படித்ததை மனதில் வைத்துக்கொண்டு வீடு சந்திக்கப் போங்கள். பீடி சுற்றுகிற அக்கா மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, நூல் கட்டிக்கொண்டேதான் உங்களோடு பேசுவார். கை நிற்காது. நிற்கவும் சொல்லாதீர்கள், நின்றால் அன்றைய கூலி போய்விடும். குழுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டிய கிழமை எது, கடையில் பீடிக்கட்டைச் சரியில்லை என்று கழித்துவிட்டால் யாரிடம் கைமாற்று வாங்குகிறார், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில் எத்தனை பவுன் கேட்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வரும். "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்ற வசனத்தை ஞாயிற்றுக்கிழமை இந்த அக்காவின் முகத்தைப் பார்த்துத்தானே சொல்லப்போகிறீர்கள்? அப்போது வேறு மாதிரிதான் சொல்வீர்கள்.

நம் வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்து, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இன்றைக்கு நம் சபைகள் நம்மிடம் கேட்பதும் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

ஒன்றில் மட்டும் மிகவும் கண்டிப்பாக இருங்கள். வீட்டில் கேட்டது பிரசங்க பீடத்துக்கு வரக்கூடாது. பெயரை மறைத்தாலும் வரக்கூடாது. நூறு வீடு உள்ள ஊரில் "ஒரு சகோதரி இருக்கிறார்கள்" என்று ஆரம்பித்தாலே அது யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரை மனதில் வைத்துக் குத்திப் பேசுவது அதைவிட மோசம். அவர் அடுத்த வாரம் வரமாட்டார். மற்றவர்கள் உங்களிடம் வாய் திறக்கவே மாட்டார்கள். ஒருவரிடம் சொல்ல வேண்டியதை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவரிடமே சொல்லுங்கள்.

அப்படியானால் நெஞ்சில் தைக்கும்படி பேசுவது எப்படி? 2 சாமுவேல் 12-இல் தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி செய்ததைப் பாருங்கள். தாவீதின் பாவத்தை அவர் எடுத்தவுடன் சொல்லவில்லை. தரித்திரன் ஒருவனுடைய ஒரே ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் ஒருவன் பிடித்துக்கொண்ட கதையைச் சொன்னார். தாவீது கோபப்பட்டு, தானே தீர்ப்பும் சொன்ன பிறகுதான் "நீயே அந்த மனுஷன்". கேட்கிறவர் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்ல இடம் விடுங்கள். அதற்கு வேதத்தில் கதைகளுக்குக் குறைவே இல்லை.

ஒரு பிரசங்கத்தை முழுசாகவே எடுத்துப் பார்க்கலாம். மத்தேயு 5:23, 24. பலிபீடத்தினிடத்தில் காணிக்கையைச் செலுத்த வந்து, உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முன்பு அவனோடே ஒப்புரவாகு. இயேசு இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். நடந்துபோக மூன்று நாள் ஆகும் தூரம். கேட்டவர்களுக்கு அது உடனே புரிந்திருக்கும்: வந்த வழியே திரும்பி நடந்து, ஊரில் சகோதரனைப் பார்த்துவிட்டு, மறுபடியும் நடந்து வரவேண்டும். இந்தத் தூரத்தைச் சபையார் உணரும்படி சொல்லுங்கள். வசனத்தின் பாரம் அதில்தான் இருக்கிறது.

அதோடு "குறை உண்டென்று" என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவன்மேல் எனக்கு இருக்கிற குறையைப் பற்றி இயேசு இங்கே பேசவில்லை. என்மேல் அவனுக்கு இருக்கிற குறையைச் சொல்கிறார்.

இனி நம் ஊருக்கு வாருங்கள். பொதுச்சுவர், கிணற்றுப் பங்கு, மோட்டார் போடுகிற முறை, அப்பா எழுதிவைக்காமல் போன ஐந்து சென்ட், கல்யாணப் பத்திரிகையில் விட்டுப்போன ஒரு பெயர். அண்ணன் தம்பி பேசாமல் இருப்பதற்கு இதில் ஒன்று போதும். இப்படிப் பொதுவாக அடுக்கினால் யார் மனதும் புண்படாது. ஆனால் அவரவருக்குத் தன்னுடையது தெரிந்துவிடும். அப்புறம் செய்ய வேண்டியதைச் சின்னதாகச் சொல்லுங்கள். "சமாதானமாகுங்கள்" என்பது பெரிய வார்த்தை. எங்கே தொடங்குவது என்றே தெரியாது. "இன்று சாயங்காலத்துக்குள் அண்ணனுக்குப் போன் போட்டு, நல்லா இருக்கீங்களா என்று மட்டும் கேளுங்கள். நிலத்தைப் பற்றி இன்றைக்குப் பேச வேண்டாம்" என்று சொன்னால், வாசலைத் தாண்டுவதற்கு முன்பே போனை எடுக்கிற ஒருவராவது இருப்பார்.

நம் திருவிருந்து ஆராதனை முறையும் இதற்குத் துணை நிற்கிறது. தென்னிந்தியத் திருச்சபையின் முறைமையில் சமாதானம் கொடுப்பது காணிக்கை படைப்பதற்கு முன்னால் வருகிறது. அந்த வரிசை இந்த வசனத்தோடு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள். பிரசங்கத்தின் கடைசியில் அதைச் சொல்லிவிட்டு இறங்குங்கள். பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடிக்கும்போது, கையைப் பிடிக்க முடியாமல் இருக்கிற அந்த இன்னொருவரை அவர்களே நினைத்துக்கொள்வார்கள்.

இப்படியே ஒவ்வொரு தொழிலுக்கும் யோசியுங்கள். உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுகிறவருக்குப் பரிசுத்தம் என்றால் பதநீரோடு சீனி சேர்க்காமல் காய்ச்சுவது. வட்டிக்குக் கொடுப்பவருக்கு, ஆசிரியருக்கு, பஞ்சாயத்து மெம்பருக்கு என்ன என்று நீங்களே எழுதிப்பாருங்கள்.

இதையெல்லாம் செய்யும்போது கிருபையைப் பின்னால் தள்ளிவிடாதீர்கள். ஆயக்காரனாகிய சகேயு பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுத்தான், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்தினான் என்று ஆர்வமாய்ப் பிரசங்கிக்கிறோம். அதற்கு முன்னால், அவன் ஒன்றுமே மாறாதபோதே, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். பத்துக் கட்டளைகளும் அப்படித்தான். எகிப்திலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணினேன் என்று சொன்ன பிறகுதான் முதல் கட்டளை வருகிறது. நரகத்தைக் காட்டி அழவைப்பது எளிது. அந்தக் கண்ணீர் திங்கட்கிழமை வரை தாங்காது.

குடியைப் பற்றிப் பேசும்போது கூடுதல் கவனம் வேண்டும். "இன்றோடு விட்டுவிடு" என்று பீடத்திலிருந்து முழங்குவது நமக்குப் பழக்கம். வருஷக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். டாக்டரைப் பார்த்து, அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள். "அரசு ஆஸ்பத்திரிக்கு நான் கூட வருகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி போங்கள். அதனால் விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடாது. அதுபோல, மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கிக்கும் நாளில் வீட்டில் அடி வாங்குகிற பெண்ணும் அங்கே உட்கார்ந்திருக்கிறார். மன்னிப்பது என்றால் திரும்பவும் அடி வாங்கப் போவது அல்ல என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181 என்பதையும் சொல்லுங்கள். பீடத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

நேரம் இருபது நிமிஷம் போதும். ஒரு வேதபாடம், ஒரு காரியம். பத்து வசனம் புரட்டச் சொன்னால் ஒன்றுகூட நிற்காது. சபைக்குச் சொல்லப்போகிற அந்தச் சின்னக் காரியத்தைச் சனிக்கிழமைக்குள் நீங்கள் செய்துவிடுங்கள்; செய்ததைப் பீடத்தில் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று கைகொடுங்கள். "நல்ல பிரசங்கம் ஐயா" என்பவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். ஒன்றும் பேசாமல் கையை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போகிறவரை மட்டும் மனதில் குறித்துக்கொண்டு, அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள். மாற்றம் தெரிந்தால், உடனே கன்வென்ஷன் மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். குடியை விட்டு ஒரு மாதம்கூட ஆகாதவரை மைக் முன்னால் நிறுத்தினால், மறுபடி ஒருநாள் தவறிவிட்டபோது அவர் கோயில் பக்கமே வரமாட்டார். ஒரு வருஷம் போகட்டும். அப்புறம், அவருக்கு விருப்பம் இருந்தால், ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் பேசட்டும். அதையும் முதலில் அவர் மனைவியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.